அலிப்பூரிலிருந்து ஒரு பிடி சீத்தாப்பழ விதை

அலிப்பூர் என்றதும் ஆளுக்கு ஒன்று ஞாபகம் வரும். குழந்தைகளுக்கு மிருகக்காட்சி சாலை. சரித்திரம் படித்தவர்களுக்கு 1908-ஆம் ஆண்டு வெடிகுண்டு வழக்கும், அரவிந்தர் ஓராண்டு சிறையிருந்ததும். வங்கக் கடலில் புயல் கிளம்பினால் செய்தியில் அடிபடும் வானிலை அலுவலகம். வியாபாரிகளுக்கு அங்கே மனை என்ன விலை என்ற கேள்வி. எனக்கு அலிப்பூர் என்றால் தேசிய நூலகம். தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியர் எஸ். வையாபுரிப் பிள்ளை வாழ்நாளெல்லாம் சேர்த்த புத்தகங்கள், ஏறத்தாழ 3,000, அங்கேதான் இருக்கின்றன. நெல்லைச் சீமைக்காரரின் புத்தகங்களைத் தேடி வங்காளத்துக்கு ரயிலேறுவது ஒரு வேடிக்கைதான்.

நூலகம் இருப்பது பெல்வெடேர் என்ற பழைய மாளிகையின் வளாகத்தில். வங்காளத்தின் லெப்டினன்ட் கவர்னர்கள் 1854 முதல் 1911 வரை குடியிருந்த இடம். சுதந்திரத்துக்குப் பிறகு நூலகம் இங்கே குடிவந்து, 1953 பிப்ரவரி 1 அன்று பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. வளாகத்தை ஒட்டிய ஒரு பாதைக்கு டூயல் அவென்யூ என்று பெயர். 1780 ஆகஸ்ட் 17 விடிகாலையில் கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸும் அவருடைய கவுன்சில் உறுப்பினர் பிலிப் பிரான்சிஸும் கைத்துப்பாக்கிகளோடு இந்தப் பக்கத்தில்தான் எதிரெதிரே நின்றார்கள். நடுவே பதினான்கு தப்படி தூரம். பிரான்சிஸின் துப்பாக்கி மருந்து நமுத்துப்போய் முதலில் வெடிக்கவில்லை. பிறகு வெடித்தபோது குறி தப்பியது. ஹேஸ்டிங்ஸின் குண்டு தப்பவில்லை. காயம்பட்டவரை பெல்வெடேருக்குத்தான் தூக்கிப் போனார்கள். ஒரு தேசத்தின் இரண்டு பெரிய அதிகாரிகள் மரத்தடியில் நின்று சுட்டுக்கொண்டதை இன்று நினைத்தால் சிரிப்பு வருகிறது. ஆனால் பிழைத்து லண்டன் திரும்பிய பிரான்சிஸ்தான் பின்னால் எட்மண்ட் பர்க்குக்குத் தகவல்களை அள்ளிக் கொடுத்தார். பார்லிமெண்டில் ஹேஸ்டிங்ஸ் மீது நடந்த விசாரணைக்கு விதை இங்கே விழுந்தது என்றும் சொல்லலாம்.

நான் சொல்ல வந்தது சண்டையைப் பற்றி அல்ல, கிராமத்தைப் பற்றி.

அன்று அலிப்பூர் கல்கத்தா நகரமே அல்ல. காளிகாட் பக்கம் ஓடும் ஆதி கங்கைக்கு அப்பால், வயலும் குளமும் மூங்கில் புதருமாக இருந்த புறநகர்க் கிராமங்களில் ஒன்று. ஹேஸ்டிங்ஸ் கவர்னர் ஆவதற்கு வெகுமுன்பே, 1763-இல், தன் தோட்ட வீட்டுக்குப் போகும் வழியில் அந்த ஓடைமீது ஒரு பாலம் கட்டிக்கொள்ள அனுமதி கேட்டிருக்கிறார். பிறகு அங்கே மாளிகை எழுந்தது. புல்வெளி, பழத்தோட்டம், வேலி கட்டிய குதிரை மேய்ச்சல் நிலம், லாயங்கள் எல்லாம் வந்தன. 1785-இல் அவர் கப்பலேறிய பிறகு கல்கத்தா கெஜட்டில் இந்தச் சொத்துகளை ஏலத்துக்கு விட்ட விளம்பரத்தைப் படித்தால் அசல் இங்கிலாந்துப் பண்ணையார் வீட்டின் வர்ணனை போலவே இருக்கும். சுண்ணாம்பு பூசிய குளியல் வீடு ஒன்றுதான் அதில் இந்தியா.

இந்த அலிப்பூர்த் தோட்டத்தின் பச்சை வேலிகளைப் பற்றி மெக்காலே எழுதியிருக்கிறார். நமக்கெல்லாம் இங்கிலீஷ் படிக்க வழிசெய்த அதே மெக்காலேதான். 1841-இல் ஹேஸ்டிங்ஸைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். அதில் ஒரு சின்னச் செய்தி. வேலை விட்டு இங்கிலாந்தில் அமர்ந்த ஹேஸ்டிங்ஸுக்கு, அவருடைய பழைய அலிப்பூர்த் தோட்டத்திலிருந்து நல்ல சீத்தாப்பழ விதைகள் கப்பலில் அனுப்பப்பட்டனவாம். அந்த ஊரின் குளிரில் சீத்தா காய்க்குமா? லிச்சியையும் வளர்த்துப் பார்த்தார். சால்வைக் கம்பளி தரும் திபெத் ஆடுகளைப் பெருக்கப் பார்த்தார். பூட்டான் பக்கத்துக் கவரிமாடும் வந்தது. இரண்டில் ஒன்றுதான் உயிரோடு கரை சேர்ந்தது. அதை ஜார்ஜ் ஸ்டப்ஸ் என்ற ஓவியர் வரைந்திருக்கிறார். மொத்தத்தில் எதுவும் சரிப்பட்டு வரவில்லை.

இந்த விதை போய்ச் சேர்ந்த ஊரின் பெயர் டேல்ஸ்ஃபோர்ட். இங்கிலாந்தின் நடுப்பகுதியில், மேடும் பள்ளமுமான காட்ஸ்வோல்ட் பிரதேசத்தில், ஒரு தேவாலயமும் சில கல்வீடுகளும் கொண்ட குட்டிக் கிராமம். 1931 வரை வொர்ஸ்டர்ஷயர் மாவட்டத்தோடு ஒட்டாமல் ஒரு தனித்துண்டாகக் கிடந்தது, பிறகு க்ளாஸ்டர்ஷயரில் சேர்த்துக்கொண்டார்கள். ஹேஸ்டிங்ஸ் குடும்பத்தின் பூர்வீகம் அது. உள்நாட்டுப் போரில் ராஜா பக்கம் நின்று, பணம் கரைந்து, கடன் ஏறி, 1715-இல் ஒரு பிரிஸ்டல் வியாபாரிக்கு நிலம் கைமாறிவிட்டது. ஜமீன் போனபின் மிஞ்சியது அந்த ஊர்த் தேவாலயத்தின் பாதிரியார் வேலை மட்டும். ஹேஸ்டிங்ஸின் தாத்தா அதைத்தான் பார்த்தார். தன் முன்னோர்கள் ஆண்ட மண்ணில் சம்பளத்துக்குப் பிரார்த்தனை நடத்துகிற கிழவர். நம் பக்கத்தில் இப்படி எத்தனை குடும்பங்களைப் பார்த்திருக்கிறோம்!

வாரன் பிறந்தது பக்கத்து ஊரான சர்ச்சிலில், 1732-இல். பிறந்த சில நாட்களில் தாய் இறந்தாள். தகப்பன் பிள்ளையை விட்டுவிட்டு எங்கோ போனார். தாத்தா வளர்த்தார். ஊர்ப் பிள்ளைகளோடு தர்மப் பள்ளிக்கூடத்தில் படித்தான். ஏழு வயதில் ஒரு கோடை நாளில் ஓடைக்கரையில் படுத்துக்கொண்டு, என்றாவது ஒருநாள் டேல்ஸ்ஃபோர்டைத் திரும்ப வாங்குவேன் என்று மனதுக்குள் சபதம் செய்தானாம். இதை ஹேஸ்டிங்ஸே வயதான காலத்தில் சொல்லியிருக்கிறார். எழுபது வருஷம் கழித்துச் சொல்லும் சின்ன வயதுக் கதைகளில் கொஞ்சம் மெருகு ஏறித்தான் இருக்கும். இருந்தாலும் நான் நம்புகிறேன். இழந்த வீட்டின் திண்ணையைப் பார்த்தபடி வளர்ந்த பிள்ளைக்கு வேறு என்ன கனவு வரும்?

சர்ச்சில் கிராமத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 1684-இல் அந்த ஊர் எரிந்து போயிற்று. அப்போது இங்கிலாந்தில் அடுப்பு வரி இருந்தது. வீட்டில் எத்தனை அடுப்போ அத்தனைக்கு வருஷம் இரண்டு ஷில்லிங் கட்ட வேண்டும். ரொட்டி சுடும் பெண் ஒருத்தி வரிக்குப் பயந்து, தனியாகப் புகைபோக்கி வைக்காமல், சுவரைக் குடைந்து தன் அடுப்புப் புகையைப் பக்கத்து வீட்டுப் புகைபோக்கிக்குள் திருப்பிவிட்டாள் என்று கதை. தீ பிடித்து இருபது வீடுகள் சாம்பலாயின. நாலு பேர் செத்தார்கள். பிறகு ஊரை மேட்டில் புதிதாகக் கட்டினார்கள். பழைய தேவாலயத்தில் மிஞ்சிய ஒரு பகுதியை இன்று ஊரார் சேர்ந்து ஒரு சின்ன அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். ஊரின் இரண்டு பிள்ளைகளுக்கு அதில் இடம். ஒருவர் ஹேஸ்டிங்ஸ். மற்றவர் 1769-இல் அங்கே பிறந்த வில்லியம் ஸ்மித், இங்கிலாந்து முழுவதற்கும் பாறை வரைபடம் போட்டவர். எனக்கு அந்த ரொட்டிக்காரிதான் மனதில் நிற்கிறாள். வரி என்ற ஒன்று கிராமத்து வாழ்க்கையில் எப்படியெல்லாம் புகுந்து வேலை செய்யும் என்பதற்கு அவள் சாட்சி.

பதினேழு வயதில், 1750-இல், கம்பெனி குமாஸ்தாவாகக் கல்கத்தா வந்தார் ஹேஸ்டிங்ஸ். இடையில் 1769 முதல் இரண்டு வருஷத்துக்கு மேல் சென்னைக் கோட்டையிலும் இருந்தார். நெசவாளர்களுக்கும் கம்பெனிக்கும் நடுவிலிருந்த தரகர்களை ஒழிக்கப் பார்த்தார். 1772-இல் வங்காள கவர்னர் ஆனார்.

அவர் வந்து உட்கார்ந்தபோது வங்காளம் எப்படி இருந்தது? 1770 பஞ்சம் முடிந்து இரண்டு வருஷம். 1772 நவம்பர் 3 அன்று கம்பெனி டைரக்டர்களுக்கு ஒரு கடிதம் அனுப்பினார். மாகாணத்து ஜனங்களில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு போய்விட்டார்கள் என்று அதில் சொல்கிறார். அடுத்து, 1771-இல் வசூலான வரி பஞ்சத்துக்கு முந்திய 1768-ஐ விட அதிகம் என்றும் சொல்கிறார். ஜனம் குறைந்தால் வரி குறைய வேண்டும் அல்லவா? ஏன் குறையவில்லை என்பதையும் அவரே ஒளிக்காமல் எழுதுகிறார். பலாத்காரமாகப் பழைய அளவுக்கு வசூலை நிறுத்தினார்களாம். அதற்கு ஒரு வழி, நஜாய் என்ற வரி. பக்கத்து வீட்டுக்காரன் செத்துப்போனான், அல்லது ஊரை விட்டு ஓடிவிட்டான் என்றால் அவன் கட்ட வேண்டிய தீர்வையை உயிரோடு மிஞ்சியவர்கள் தலையில் பங்கு போட்டு வாங்குவது.

கிராமம் என்றால் ஒருவருக்கொருவர் துணை என்று நாம் பெருமையாகச் சொல்கிறோம். துக்கத்துக்குக் கூடுவது, கல்யாணத்துக்குப் பந்தல் போடுவது, பக்கத்து வயலுக்கு மடை திறந்துவிடுவது. வங்காளத்துக் கிராமங்களில் அந்த உறவையே வரி வசூலுக்கான கயிறாக்கிவிட்டார்கள். செத்தவனுக்கு அழுது முடிப்பதற்குள் அவனுடைய பாக்கிக்கு ஆள் வந்து நிற்கும். பஞ்சத்துக்கும் முதல் வசூலுக்கும் ஹேஸ்டிங்ஸ் பொறுப்பாளி அல்ல, அப்போது அவர் சென்னையில் இருந்தார் என்பது நியாயமான வாதம். குறையை எழுத்தில் வைத்த நேர்மையும் அவருக்கு உண்டு. ஆனால் டேல்ஸ்ஃபோர்டின் ஓடைக்கரையை வாங்கித் தந்த பணம் இந்த இயந்திரத்தின் வழியாகத்தான் போயிற்று. அதைச் சுற்றி வளைத்துச் சொல்ல வேண்டியதில்லை.

1788 விசித்திரமான வருஷம். பிப்ரவரியில் வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் ஹேஸ்டிங்ஸ் மீதான விசாரணை தொடங்கியது. அதே வருஷம் டேல்ஸ்ஃபோர்ட் சொத்தைத் திரும்ப வாங்கினார். ஒரு பக்கம் பர்க்கும் ஷெரிடனும் நாள் கணக்கில் முழங்குகிறார்கள். மறுபக்கம் சாமுவேல் பெபிஸ் காக்கரெல் என்ற கட்டடக் கலைஞர் டேல்ஸ்ஃபோர்டில் அஸ்திவாரம் தோண்டுகிறார். புதுமாளிகையின் நடுவில் ஒரு குவிமாடம், டில்லியை லேசாக ஞாபகப்படுத்துவது போல. விசாரணை ஏழு வருஷம் இழுத்து 1795 ஏப்ரலில் குற்றமற்றவர் என்று தீர்ப்பாயிற்று. வக்கீல் செலவு மட்டும் 70,000 பவுனுக்கு மேல். கம்பெனி வருஷத்துக்கு 4,000 பவுன் உபகாரச் சம்பளமும், வட்டியில்லாமல் 50,000 பவுன் கடனும் கொடுத்துக் காப்பாற்றியது. அந்தக் கடனும் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் மறுபடி வங்காளத்துக்குத்தான் வர வேண்டும்.

அதன் பிறகு இருபத்து மூன்று வருஷம் கிராமத்துப் பெரிய மனிதராக வாழ்ந்தார். குதிரை ஏறினார், மாடு வளர்த்தார், பயிர் பார்த்தார், கணக்கு எழுதினார். காலைச் சிற்றுண்டிக்கு உட்காரும்போது தான் எழுதிய ஒரு கவிதையைப் படித்துக் காட்டாமல் விடமாட்டாராம். விருந்தாளிகளை நினைத்தால் பாவமாக இருக்கிறது. ஊர்த் தேவாலயம் இடிந்துவிழும் நிலையில் இருந்தது. தாத்தா பிரசங்கம் செய்த அந்தக் கட்டடத்தை எண்பத்து மூன்று வயதில், 1816-இல், பிரித்துத் திரும்பக் கட்டினார். 1818-இல் இறந்தார். அந்தத் தேவாலயத் தோட்டத்தில் ஒரு கல் கலசத்தின் கீழ் இருக்கிறார்.

அந்தக் காலத்து இங்கிலாந்துக் கிராமங்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மெக்காலேக்கு அழகாகத் தெரிந்த பச்சை வேலி இங்கிலாந்து ஏழைகளுக்கு அழகாகத் தெரியவில்லை. ஊருக்குப் பொதுவாகக் கிடந்த மேய்ச்சல் நிலத்தையும் புறம்போக்கையும் பார்லிமெண்ட் சட்டங்கள் மூலம் தனித்தனிச் சொத்தாக வேலி கட்டிப் பிரித்தது அந்த நூறு ஆண்டுகளில்தான். ஒரு பசுவை வைத்துப் பிழைத்தவன் கூலியாள் ஆனான். வங்காளத்திலும் 1793-இல் காரன்வாலிஸ் நிரந்தரத் தீர்வை கொண்டுவந்து ஜமீன்தார்களை நிலத்துக்குச் சொந்தக்காரர்கள் ஆக்கினார். டேல்ஸ்ஃபோர்ட் உழவனும் அலிப்பூர் உழவனும் சந்தித்துப் பேசியிருந்தால் பொதுவாகப் பேச விஷயம் இருந்திருக்கும். இரண்டு பேருமே பதிவேடுகளில் பெயர் இல்லாதவர்கள்.

ஹேஸ்டிங்ஸுக்குப் பிள்ளை இல்லை. மனைவி மரியன் 1837 வரை இருந்தார். பிறகு அவருடைய முதல் கணவருக்குப் பிறந்த மகன். 1853-இல் சொத்து விற்கப்பட்டது. ஐம்பது வருஷ உழைப்பிலும் ஏழு வருஷ விசாரணையிலும் மீட்ட ஊர், சாவுக்குப் பிறகு முப்பத்தைந்து வருஷம்தான் தங்கியது. அவர் கட்டிய தேவாலயத்தையும் 1860 வாக்கில் இடித்து வேறு கட்டினார்கள்.

மாளிகை கைமாறிக் கைமாறி 1988 முதல் பாம்ஃபோர்ட் குடும்பத்திடம் இருக்கிறது. யார் இவர்கள்? நம் ஊரில் மண் தோண்டவும் கட்டடம் இடிக்கவும் வருகிற மஞ்சள் இயந்திரத்துக்கு ஜேசிபி என்று பெயர் அல்லவா? அந்த ஜே.சி. பாம்ஃபோர்டின் வம்சம். 1979 முதல் ஹரியானாவின் பல்லப்கரில் அவர்களுக்குத் தொழிற்சாலை உண்டு. 2002-இல் டேல்ஸ்ஃபோர்டில் இயற்கை விவசாயப் பண்ணைக் கடை திறந்தார்கள். லண்டன்காரர்கள் வார இறுதியில் காரோட்டிப் போய்க் காய்கறியும் பாலாடைக்கட்டியும் வாங்குகிறார்கள். கிராம வாழ்க்கை என்பது அங்கே இப்போது விலைப்பட்டியலோடு கிடைக்கிறது. இந்தியப் பணமும் அந்த ஊர் மண்ணும் ஒன்றையொன்று விடுவதாக இல்லை.

இதையெல்லாம் வெள்ளைக்காரன் கதை என்று தள்ளிவைக்க முடியவில்லை. நம் செட்டிநாட்டு வீடுகளை நினைத்துப் பாருங்கள். ஆயிரம் ஜன்னல், பர்மாத் தேக்கு, இத்தாலிப் பளிங்கு. அந்த வீடுகளில் பலவற்றைக் கட்டியது ஐராவதி டெல்டா. 1930-களின் இறுதியில் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் நிலத்தில் கால்வாசி செட்டியார்கள் வசம் இருந்தது. மந்தத்தில் கடன் கட்ட முடியாத பர்மியக் குடியானவர்களின் நிலம் அது. சொந்த ஊரில் பெரிய வீடு கட்ட வேண்டும் என்ற ஆசை, எங்கோ ஒருவனுடைய சொந்த ஊரைக் கரைத்துக்கொண்டுதான் நிறைவேறியது. கானாடுகாத்தான் முற்றத்தில் நின்று வியக்கிறபோது இது ஞாபகம் வருவதில்லை. எனக்கும் வந்ததில்லை, டூயல் அவென்யூவில் நடக்கும்வரை.

அலிப்பூர் கிராமம் என்ன ஆயிற்று? துண்டு துண்டாகத் தோட்ட வீடுகளாயிற்று. பெல்வெடேருக்கு எதிரே இருந்த குடிசைப் பகுதி கவர்னர் மாளிகையின் கண்ணுக்கு உறுத்தலாக இருந்தது. ரிச்சர்ட் டெம்பிள் லெப்டினன்ட் கவர்னராக இருந்த காலத்தில் அதை அகற்றி மிருகக்காட்சி சாலை அமைத்தார்கள். 1876 ஜனவரி 1 அன்று வேல்ஸ் இளவரசர், பின்னாளில் ஏழாம் எட்வர்டு, திறந்து வைத்தார். அங்கே 2006 வரை உயிரோடிருந்த அத்வைதா என்ற ஆமை ராபர்ட் கிளைவ் வளர்த்தது என்று சொல்வார்கள். ஆமைக்கு வம்ச வரலாறு கிடைத்திருக்கிறது. குடிசைகளில் இருந்தவர்களுக்கு இல்லை.

பக்கத்திலேயே அலிப்பூர் ரோட்டில் வேளாண் தோட்டக்கலைச் சங்கம். 1820-இல் இதைத் தொடங்கிய வில்லியம் கேரியும் இங்கிலாந்துக் கிராமத்துப் பிள்ளைதான். பாலர்ஸ்பரி என்ற ஊர்க்காரர், செருப்புத் தைத்தவர், பாதிரியாராக செராம்பூர் வந்தவர். ஊரிலிருந்து வந்த விதைப் பையைக் காலிசெய்து, அதில் ஒட்டியிருந்த மண்ணைத் தோட்டத்தில் ஒரு மூலையில் உதறினாராம். சில நாளில் அங்கே ஒரு டெய்சிச் செடி முளைத்து நின்றது. அதைக் கண்டு அவர் அடைந்த சந்தோஷத்தைப் பற்றி இங்கிலாந்தில் ஒரு கவிஞர் பாட்டே எழுதிவிட்டார். சங்கத்தின் பூக்கண்காட்சி குளிர்காலத்தில் நடக்கும். குடும்பம் குடும்பமாக வங்காளிகள் வந்து டேலியாவின் விட்டத்தைப் பற்றி வாக்குவாதம் செய்வதைப் பார்க்க வேண்டும். இங்கிலாந்துக் கிராமத்துப் பூப்போட்டியில் கூட இவ்வளவு தீவிரம் இருக்குமா என்று தெரியவில்லை. இவர்களுக்கு அது அந்நிய விஷயமாக இல்லை.

ஜட்ஜஸ் கோர்ட் ரோட்டில் ஹேஸ்டிங்ஸ் ஹவுஸ் நிற்கிறது. இப்போது பெண்களுக்கான ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி. அங்கே ஹேஸ்டிங்ஸின் ஆவி நாலு குதிரை பூட்டிய வண்டியில் வந்து இறங்கி, அறை அறையாக எதையோ தேடும் என்று ரொம்ப நாளாகக் கதை. தேடுவது ஒரு பழைய கறுப்பு மர மேஜைப் பெட்டியை. பெட்டி கட்டுக்கதை அல்ல. புறப்படும் நேரத்தில் அது திருட்டுப் போனதோ, ஏலத்தில் தவறுதலாக விற்கப்பட்டதோ, காணவில்லை. 1787 செப்டம்பரில் அவருடைய ஏஜெண்டுகள் கல்கத்தா கெஜட்டில் விளம்பரம் கொடுத்தார்கள். உள்ளே இரண்டு சின்ன ஓவியங்களும் சில சொந்தக் காகிதங்களும் இருப்பதாக அதில் எழுதியிருந்தது. கண்டுபிடித்துத் தருபவருக்கு 2,000 சிக்கா ரூபாய் சன்மானம் என்றும் அறிவித்திருந்தார்கள்.